ஆன்லைனில் பாதி விலைக்கு ‘ஒரிஜினல்’ கார் சாமான்: வாங்கலாமா?

பென்னாகரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2016 ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தர்மபுரி நான்கு ரோடு பக்கத்தில் ஒரு மெக்கானிக் துண்டுச்சீட்டில் ஐந்து சாமான் எழுதிக் கொடுத்திருக்கிறார்: முன் பிரேக் பேடு, கிளட்ச் செட், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், இடது லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கை). கடையில் கேட்ட விலைக்கும், ஆன்லைனில் ‘100% ஒரிஜினல், 45% தள்ளுபடி’ என்று போட்டிருக்கும் விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறதாம். மாதம் இரண்டு தடவை அம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வண்டி என்றும் சொல்லியிருக்கிறார். ஆன்லைனில் வாங்கலாமா, ஏமாந்துவிடுவேனா என்பது கேள்வி.

கிருஷ்ணகிரியில் 24 வருடமாக ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் நிற்கிறேன். கடைக்காரன் என்பதால் ஆன்லைன் என்றாலே வேண்டாம் என்பேன் என்று நினைக்காதீர்கள் தம்பி. என் கவுண்டரில் கிடைக்காத சாமானை நானே ஆன்லைனில் வரவழைத்துக் கொடுக்கிறேன். உங்கள் சீட்டில் இருப்பதில் ஏர் ஃபில்டரைத் தயங்காமல் ஆன்லைனில் வாங்குங்கள். கிளட்ச் செட்டை, விற்பவர் யார் என்று பார்த்துவிட்டு வாங்கலாம். பிரேக் பேடு, லோயர் ஆர்ம், ஆயில் ஃபில்டர் மூன்றையும் கவுண்டரில் கையில் தொட்டுப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் இந்த ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தை. எங்கள் தொழிலில் இதைப்போல் குழப்பும் வார்த்தை வேறு இல்லை. கார் கம்பெனி ஒரு காரில் இருக்கும் எல்லாப் பொருளையும் தானே செய்வதில்லை. கிளட்சை ஒருவர் செய்கிறார், பேட்டரியை ஒருவர், பிரேக்கை ஒருவர். நம் பக்கத்திலேயே பாருங்கள், ஓசூரில் லூக் கிளட்ச் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது, எக்சைடு பேட்டரி தொழிற்சாலை இருக்கிறது. இப்படிச் செய்பவர்கள் ஒரே மாதிரியான பொருளை இரண்டு வழியில் அனுப்புவார்கள். ஒன்று கார் கம்பெனி பெயர் போட்ட டப்பாவில் போகும், அதைத்தான் ஷோரூமில் ‘ஜெனியூன்’ என்று கொடுப்பார்கள். இன்னொன்று செய்தவரின் சொந்தப் பெயர் போட்ட டப்பாவில் வெளி மார்க்கெட்டுக்கு வரும். இரண்டுமே நல்ல சரக்கு. இரண்டாவது டப்பாவின் விலை பெரும்பாலும் கணிசமாகக் குறைவு. அதற்கு அடுத்தபடியாக, உங்கள் காருக்கு ஆரம்பத்திலிருந்து சப்ளை செய்யாத, ஆனால் பேர் சொல்லி விற்கும் கம்பெனிகளின் சாமான். இதில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. கடைசியில் டூப்ளிகேட். அடுத்தவன் பெயரையும் டப்பாவையும் காப்பியடித்து வருவது. நம் ஊரில் ‘லோக்கல்’ என்று இதையும் சொல்வார்கள், பெயர் தெரியாத சின்னக் கம்பெனி சரக்கையும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றில்லை. சின்னக் கம்பெனி தன் பெயரைப் போட்டு விற்கிறான், தரம் குறைவென்றாலும் அவன் உங்களிடம் பொய் சொல்லவில்லை. டூப்ளிகேட் போடுகிறவன் செய்வது திருட்டு. 1999ஆம் வருட வணிகக் குறிச் சட்டத்தில் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது.

உங்களுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய தள்ளுபடி அந்த இரண்டாவது டப்பாவில்தான் இருக்கிறது. கிளட்சைக் கழற்றும்போது மெக்கானிக்கிடம் சொல்லி, பழைய பிளேட்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அதில் செய்தவரின் பெயரோ முத்திரையோ அடித்திருக்கும். வாங்கியதிலிருந்து கிளட்ச் மாற்றவில்லை என்றால், அந்தப் பெயர்தான் உங்கள் காருக்குக் கம்பெனியிலேயே போட்ட பெயர். அதே பெயரில், உங்கள் மாடலுக்கென்று வரும் செட்டைக் கேட்டு வாங்குங்கள். ‘கார் கம்பெனி டப்பா 45% குறைவில்’ என்று தேடுவதைவிட இது பத்து மடங்கு பத்திரமான வழி.

சரி, 45% எப்படிச் சாத்தியம்? கணக்கைப் பாருங்கள். எம்.ஆர்.பி. 100 ரூபாய் இருக்கும் கார் கம்பெனி சாமான் என் கவுண்டருக்கு வந்து சேரும்போது, பொருளைப் பொறுத்து 80லிருந்து 88 ரூபாய் வரை ஆகிவிடும். மீதியில்தான் கடை வாடகை, ஆள் சம்பளம், மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கும் சரக்குக்கு முடங்கும் பணம் எல்லாம் அடங்க வேண்டும். தெரிந்த வாடிக்கையாளருக்கு ஐந்து ரூபாய் குறைப்பேன், மெக்கானிக்குக்கு இன்னும் கொஞ்சம். மொத்தமாக எடுக்கும் பெரிய டிஸ்ட்ரிபியூட்டர் ஆன்லைனில் நேரடியாக விற்றால் 10, 15 சதவீதம் குறைக்கலாம், ஓடாத சரக்கைத் தள்ளிவிட 20 வரைகூடப் போகலாம். அதனால் அந்த அளவு தள்ளுபடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தினமும் ஓடுகிற சாமானுக்கு, அதுவும் எந்த நாளும், 45% குறைவு என்றால் எனக்குப் புரிவதில்லை. என் கொள்முதல் விலையைவிட அது கீழே. நஷ்டத்துக்கு யாரும் நிரந்தரமாகக் கடை நடத்த மாட்டார்கள்.

சில சமயம் அந்த 45% வெறும் கண்கட்டு. அடித்துக் காட்டியிருக்கும் ‘எம்.ஆர்.பி.’யே பொய்யாக இருக்கும். 900 ரூபாய் சாமானுக்கு 1,600 என்று போட்டு, அதை அடித்து 880 என்று காட்டுவார்கள். பொருள் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி 20 ரூபாய். இன்னொன்றும் இருக்கிறது. 22.09.2025 முதல் கார் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18% ஆனது. அதற்கு முன் பல சாமான்களுக்கு 28% இருந்தது. 1,000 ரூபாய் அடக்கம் உள்ள பொருள் வரியோடு 1,280 ஆக இருந்தது 1,180 ஆனது, கிட்டத்தட்ட 8% குறைவு. பழைய எம்.ஆர்.பி.யை எடுக்காமல் அப்படியே அடித்துக் காட்டுகிறவர்கள், அரசாங்கம் குறைத்த வரியைத் தங்கள் தள்ளுபடி மாதிரி காட்டுகிறார்கள். அதனால் தள்ளுபடி சதவீதத்தையே பார்க்காதீர்கள். இன்றைய சரியான எம்.ஆர்.பி. என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாருதியின் ஜெனியூன் பார்ட்ஸ் தளத்திலேயே விலை போட்டிருப்பார்கள். இல்லையென்றால் எந்தக் கவுண்டரிலும் பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவோம்.

இப்போது ஆயில் ஃபில்டரைப் பற்றி. இத்தனை மலிவான சாமானுக்கு ஏன் கவுண்டர் என்கிறேன் என்றால், நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழைக்காலம். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் டிசைர் வண்டியோடு வந்தார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் விளக்கு அணைய நான்கைந்து விநாடி ஆகிறது, சர்வீஸ் விட்ட பிறகுதான் இப்படி என்றார். ஃபில்டர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஆன்லைனில் மூன்று ஃபில்டர் சேர்த்து ஒரு பாக்கெட்டாக வாங்கியிருந்தார், மீதி இரண்டு வண்டி டிக்கியிலேயே இருந்தன. டப்பாவைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரவில்லை. எழுத்து, நிறம், ஹாலோகிராம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கையில் எடுத்ததும்தான் வித்தியாசம் தெரிந்தது, எடை குறைவு. என் அலமாரியிலிருந்து ஒரு கம்பெனி ஃபில்டரை எடுத்து, இரண்டையும் பெஞ்சு வைஸில் மாட்டி ஹேக்ஸா பிளேடால் வாய்ப்பக்கம் சுற்றி அறுத்தோம்.

கம்பெனி ஃபில்டரில் காகித மடிப்புகள் விசிறி மடித்ததுபோல் ஒரே இடைவெளியில் இருந்தன, எண்ணினால் ஐம்பதுக்கு மேல். டூப்ளிகேட்டில் முப்பத்திச் சொச்சம்தான். ஒரு பக்கம் நெருக்கியும் ஒரு பக்கம் விரல் நுழைகிற மாதிரி விரிந்தும் கிடந்தது. பசை ஒட்டாமல் ஒரு மடிப்பு வாயைப் பிளந்திருந்தது, அந்த இடத்தில் ஆயில் வடிகட்டப்படாமலே போகும். வாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும், வண்டியை நிறுத்தியதும் ஃபில்டரில் இருக்கும் ஆயில் திரும்ப வழிந்து போகாமல் பிடிப்பது அதுதான். கம்பெனி ரப்பரை நகத்தால் மடக்கினால் டக்கென்று பழைய இடத்துக்கு வந்தது. மற்றது மடக்கிய இடத்திலேயே நின்றது. ராத்திரி முழுக்க ஆயில் வடிந்து, காலையில் காலி ஃபில்டரோடு இன்ஜின் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஆயில் மேலே ஏறும் வரை எரிந்ததுதான் அந்த விளக்கு. இன்னொன்றையும் காட்டினேன். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயிலை நேராக விடுவதற்கு உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கும். டூப்ளிகேட்டில் வால்வு மாதிரி ஒரு தகடு மட்டும் இருந்தது, ஸ்பிரிங்கே இல்லை. அவர் அந்தத் தகட்டை விரலில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். இன்ஜினைப் பிரிக்கும் நிலைக்கு வரவில்லை, புது ஃபில்டரும் ஆயிலும் மாற்றி அனுப்பினோம். ஒரு ஃபில்டருக்கு அவர் மிச்சம் பிடித்தது முப்பது நாற்பது ரூபாய்.

அதிகம் டூப்ளிகேட் வருவது இப்படிப்பட்ட சாமானில்தான், தம்பி. ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேடு, பேரிங். விலை சின்னது, வேகமாக ஓடும், வெளியே பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. ஏர் ஃபில்டர் அப்படியில்லை. பிளாஸ்டிக் சட்டம், காகிதம், ரப்பர் ஓரம் எல்லாம் கண் முன்னால். பழையதற்குப் பக்கத்தில் வைத்து மடிப்பை எண்ணலாம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், பெட்டிக்குள் இறுக்கமாக உட்காருகிறதா என்று அமுக்கிப் பார்க்கலாம். அதனால்தான் அதை ஆன்லைனில் வாங்கச் சொன்னேன். வைப்பர், மேட், பல்பு இவையும் அப்படித்தான்.

அடுத்து, பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்று. அந்தத் தளம் உங்களுக்குச் சாமான் விற்பதில்லை. தளம் ஒரு சந்தை மாதிரி, அதற்குள் கடை போட்டிருப்பவர்கள்தான் விற்கிறார்கள். நம் வாரச்சந்தையில் ஒரே வரிசையில் நல்ல மிளகாய் விற்பவரும் இருப்பார், செங்கல் பொடி கலப்பவரும் இருப்பார், சந்தையின் பெயரை வைத்து இருவரையும் ஒன்றாக எடை போட முடியுமா? பொருளின் பெயருக்குக் கீழே ‘விற்பவர்’ என்று சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதைத் தொட்டால் முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் வரும். 15 எழுத்தில் முதல் இரண்டு எண்கள் மாநிலம்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா, 07 டெல்லி. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பாருங்கள், லாகின் எதுவும் வேண்டாம். பதிவு எப்போது ஆனது, இன்னும் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, என்ன பொருளில் வியாபாரம் என்று காட்டும். ஏழெட்டு வருடமாகக் கார் சாமானில் இருப்பவர் என்றால் நம்பிக்கை வரும். போன மாதம் பதிவு செய்து, துணியும் பொம்மையும் விற்பவராகக் காட்டினால், அவரிடம் கிளட்ச் செட் எங்கிருந்து வந்தது?

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தைப் பார்க்காமல், படம் போட்டு எழுதியதை மட்டும் படியுங்கள். ‘நல்ல பொருள், சீக்கிரம் வந்தது’ என்பவர் பார்சலைப் பற்றிச் சொல்கிறார். ஆறு மாதம் ஓட்டிவிட்டு எழுதியவர்தான் சாமானைப் பற்றிச் சொல்கிறார்.

டூப்ளிகேட்டை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் இன்னொரு நஷ்டத்தை விட்டுவிடுவேன். ஆன்லைனில் வாங்கி என் கவுண்டருக்கு வருத்தத்தோடு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது நல்ல சாமான், ஆனால் அவர்கள் வண்டிக்குச் சேராதது. ஒரே ‘ஸ்விஃப்ட்’ என்ற பெயரில் எத்தனை தலைமுறை, பெட்ரோல், டீசல் என்று எத்தனை வகை! தளத்தில் ‘2011 முதல் 2018 வரை’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்துச் சேசிஸ் எண்ணைக் கம்பெனி கவுண்டரில் கொடுத்தால் சரியான பார்ட் நம்பரை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த நம்பரை வைத்துத் தேடுங்கள். மாருதி நம்பரில் முதல் ஐந்து இலக்கம் பொருளின் வகை: 16510 என்றால் ஆயில் ஃபில்டர், 13780 ஏர் ஃபில்டர், 55810 முன் பிரேக் பேடு. அதற்குப் பின்னால் வருவது எந்த வண்டி, எந்த வகை என்பது. ஹூண்டாயிலும் இதே முறைதான், 26300 ஆயில் ஃபில்டர், 58101 முன் பேடு. முதல் ஐந்து சரியாக இருந்து கடைசியில் ஒரு எழுத்து மாறினாலும் வேறு சாமான். கம்பெனி சில நேரம் பழைய நம்பரை எடுத்துவிட்டு புது நம்பர் கொடுக்கும், அப்படியென்றால் கவுண்டரில் அதையும் சொல்வார்கள்.

பிரேக் பேடுக்கு வருகிறேன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்கள் பென்னாகரத்திலிருந்து சேலம் போகிறீர்கள். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். அந்த இறக்கம் எத்தனை வண்டிகளைத் தின்றிருக்கிறது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் லோடு லாரி, பின்னால் பஸ், திரும்பத் திரும்ப பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது பேடும் டிஸ்கும் எவ்வளவு சூடாகும் தெரியுமா? பேடு என்பது இரும்புத் தகட்டின் மேல் பிசினோடு கலந்த உராய்வுப் பொருளை அழுத்தமும் சூடும் கொடுத்துப் பிடிக்க வைத்தது. நல்ல பேடு அந்தச் சூட்டைத் தாங்கும்படி செய்தது. டூப்ளிகேட் பேடு ஊருக்குள் ஓட்டும்போது நன்றாகத்தான் பிடிக்கும், அதுதான் அதில் இருக்கும் ஆபத்து. பென்னாகரம் கடைவீதியில் ஓட்டிப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்பீர்கள். கணவாயின் பாதியில் சூடேறியதும் பிசின் இளகி, பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இன்னும் மோசமானது, உராய்வுப் பொருள் தகட்டிலிருந்து மொத்தமாகப் பெயர்ந்து வருவது. அப்படிப் பெயர்ந்த ஒரு பேடை என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். தகட்டில் பசை ஒட்டிய அடையாளம் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் இருக்கிறது, சுற்றிலும் வெறும் துரு. பேடு ஆன்லைனில் மலிவு என்று யாராவது வந்தால் அதை எடுத்துக் கையில் கொடுப்பேன்.

கார் கம்பெனி டப்பா வாங்க முடியாவிட்டால் ரானே, பாஷ் போன்ற பெயர் உள்ள டப்பாவை, அந்தக் கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டரிடமோ அவரிடம் எடுக்கும் கடையிலோ பில்லோடு வாங்குங்கள். லோயர் ஆர்மும் இதே கணக்குதான். அதன் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஏர்பேக், ஸ்டீயரிங் சாமான், பிரேக் ஆயில் இவற்றையும் முகம் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சீல் உடைந்த பாட்டில் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

பார்சல் வந்ததும் என்ன செய்வது? டப்பாவை உடைக்கும் முன் செல்போனில் வீடியோ எடுங்கள், வெட்டாமல் ஒரே ஓட்டமாக. பார்சல் மேல் இருக்கும் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, சாமானை வெளியே எடுத்து நாலு பக்கமும் காட்டுவது வரை. அப்புறம் டப்பாவைப் படியுங்கள். செய்தவரின் பெயர், முகவரி, செய்த மாதம், வருடம், எண்ணிக்கை, எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய எண் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் வருடப் பொட்டலப் பொருள் விதி. டூப்ளிகேட் போடுகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். முகவரியில் எழுத்துப்பிழை இருக்கும், மாதம் வருடம் இருக்காது, டப்பாவில் இருக்கும் பார்ட் நம்பரும் சாமானில் அடித்திருக்கும் நம்பரும் ஒத்துப் போகாது. விலை ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் உடனே சந்தேகப்படாதீர்கள். வரி குறைந்தபோது பழைய சரக்கில் புது விலை ஒட்ட அரசே அனுமதித்தது. ஆனால் பழைய விலை கீழே படிக்கத் தெரிய வேண்டும், மறைத்து ஒட்டியிருக்கக் கூடாது.

பழைய சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் பிரிக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை, போல்ட் ஓட்டைகளின் இடம், வார்ப்பு முத்திரை, ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா. ஸ்பார்க் பிளக் என்றால் அடியில் இருக்கும் வாஷரைச் சுற்றிப் பாருங்கள், நல்ல பிளக்கில் அது சுலபமாகக் கழன்று வராது.

எலக்ட்ரிக்கல் சாமானில் இன்னொரு ஏமாற்று உண்டு. போன வருடம் பர்கூர் பக்கத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர், வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் ஒன்றை ஆன்லைனில் ‘புதுசு’ என்று வாங்கினார். வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது திருகாணிகளின் தலையைப் பார்த்தேன். ஸ்குரூடிரைவர் நழுவிய கீறல், அதன் மேல் பெயின்ட். கீறல் முதலில், பெயின்ட் பிறகு. பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சரிசெய்து சாயம் அடித்திருக்கிறார்கள். பழையதைப் பழையது என்று சொல்லி விற்பதில் தவறே இல்லை, சென்னை புதுப்பேட்டையில் காலங்காலமாக அப்படித்தான் விற்கிறார்கள், தெரிந்துதான் வாங்குகிறோம். புதுசு என்று சொன்னதுதான் தவறு.

விற்றவர் ‘எலக்ட்ரிக்கல் சாமான் திரும்ப எடுப்பதில்லை’ என்றார். ஆசிரியர் விடவில்லை. 2020ஆம் வருட மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுதினார், வீடியோவையும் திருகாணிப் படத்தையும் இணைத்தார். பதில் இழுத்தடித்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தார். ஐந்தாவது வாரம் முழுப் பணமும் வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் இதெல்லாம் பில் இருந்தால்தான். பில் இல்லாமல் 200 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம், ஆன்லைனிலோ கடையிலோ, வாங்காதீர்கள்.

ஆன்லைன் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னேன். காரணம் இருக்கிறது. நான் கடைக்கு வந்த காலத்தில் சில கார்களின் சாமான் ஷோரூமைத் தவிர வேறெங்கும் கிடைக்காது, அவர்கள் சொன்னதுதான் விலை. வெளிக்கடைகளுக்குச் சாமான் கிடைக்க விடாமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வண்டியை வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. அதன் பிறகு மேல்முறையீடு அது இது என்று இழுத்தாலும், நம் ஊர் மெக்கானிக்குக்கும் நல்ல சாமான் கிடைக்க வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து வலுவானது. இன்று ராயக்கோட்டையில் ஒரு சின்ன ஷெட்டில் இருப்பவர்கூடப் பார்ட் நம்பரைப் போட்டு இந்தியா முழுக்க விலை பார்க்க முடிகிறது. அது நல்லதுதான்.

உங்கள் சீட்டுக்கு வருவோம். சேசிஸ் எண்ணோடு தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு மாருதி கவுண்டருக்குப் போய் ஐந்துக்கும் பார்ட் நம்பரும் இன்றைய எம்.ஆர்.பி.யும் எழுதி வாங்குங்கள். பிரேக் பேடு, லோயர் ஆர்ம், ஆயில் ஃபில்டரை அங்கேயோ பில் தரும் நல்ல கடையிலோ எடுங்கள். ஏர் ஃபில்டரை ஆன்லைனில் போடுங்கள். கிளட்சுக்கு மட்டும் கொஞ்சம் அலையலாம், ஏனென்றால் மிச்சம் பிடிக்க இடம் இருப்பது அதில்தான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டாக, செய்தவரின் சொந்த டப்பாவில், பெங்களூரு ஜே.சி. ரோட்டுக் கார் சாமான் கடைகளில் ஒரு விலை கேளுங்கள், ஆன்லைனில் ஒரு விலை பாருங்கள். ஆன்லைன் விற்பவரின் ஜி.எஸ்.டி. பதிவு பழையதாக இருந்து, வித்தியாசமும் பத்து பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் வாங்குங்கள். அதற்கு மேல் மலிவாக இருந்தால் விட்டுவிடுங்கள். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், செட் சரியில்லை என்றால் அந்தக் கூலியை இரண்டாம் தடவை கொடுக்க வேண்டியிருக்கும். செட் கைக்கு வந்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்ற விடாதீர்கள்.

லோயர் ஆர்ம் மாற்றியதும் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். பேடை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் போடாதீர்கள். புதுப் பேடு டிஸ்கோடு முழுதாகப் படிய இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை முழுப் பிடிப்பு வராது. ஒரு வாரம் முன்னாலேயே போட்டு, பென்னாகரத்துக்கும் தர்மபுரிக்கும் நாலைந்து தடவை நிதானமாக ஓட்டிவிட்டு, அப்புறம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தொப்பூரில் இறங்குங்கள்.